ஆடும் பொல்வென்னாக்கள்

கார்ன்வித், கார்ன்வால்
12 ஜனவரி 1975

அன்புத் தங்கை லவ்டேவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணி டாம்சினுக்கு வழக்கமான ஜனவரி இருமல், மற்றபடி சுகம். உன் சுகம், மாப்பிள்ளை வைனோவின் சுகம், மாசமாயிருக்கும் உன் மகள் கெரன்ஸாவின் சுகம் எல்லாவற்றையும் எழுது.

போன மாதம் கடைக்கு ஒரு கடிதம் வந்தது. 'பொல்வென்னா, இரும்புக்கடை, கார்ன்வித்' என்றுதான் விலாசம். தெற்கு ஆஸ்திரேலியாவில் தாமிரச் சுரங்க ஊர் ஒன்றில் எர்ன் பொல்வென்னா என்று ஒருவர் இருக்கிறாராம். "எங்க தாத்தா உங்க ஊர்லயிருந்து கப்பல் ஏறினவர். அங்கே இந்தப் பேர்ல இன்னும் ஆள் இருக்கீங்களா?" என்று கேட்டிருக்கிறார். படித்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது, லவ்டே. உலகத்தின் அந்தக் கோடியில் ஒருத்தன் நம் பெயரைக் கையெழுத்தாகப் போடுகிறான்.

நூலகத்தில் உட்கார்ந்து நாடு முழுவதற்குமான டெலிபோன் புத்தகங்களைப் புரட்டிவிட்டேன். லண்டனில் ஒரே ஒரு பொல்வென்னா. ஸ்காட்லாந்தில் இல்லை. டர்ஹாம் நிலக்கரி ஊர் ஒன்றில் இரண்டு வீடு, வேல்ஸில் ஒன்று. மிச்சம் எல்லாம் நம் கார்ன்வித்தைச் சுற்றி, ஒருத்தன் தும்மினால் இன்னொருத்தனுக்குக் கேட்கும் தூரத்தில். நம் ஊர்ச் சுரங்கத் தகரத்தின் விலை விழுந்தபோதெல்லாம் கிளம்பிப் போயிருக்கிறார்கள். எங்கே பூமிக்குள் குழி இருக்கிறதோ அங்கே ஒரு பொல்வென்னா. 'பொல்' என்றால் கார்ன்வாலின் பழைய மொழியில் குளம். 'வென்னா'வுக்கு யாருக்கும் பொருள் தெரியவில்லை. பாதிரியார், "குளத்துல விழுந்தவன்னு இருக்கும்" என்கிறார்.

கடைக்குப் பின்னறையில் உலகப் படம் மாட்டி ஊசி குத்தியிருக்கிறேன். உங்கள் மிச்சிகனில் ஒரு ஊசி நீ. வேறு யாராவது இருக்கிறார்களா, பார்த்துச் சொல்.

டாம்சின் முத்தம் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
ஹெட்லி


நார்த் ஷாஃப்ட், மிச்சிகன்
9 பிப்ரவரி 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எல்லோரையும் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும். அண்ணியின் இருமலுக்கு வெங்காயச் சாறும் தேனும் கொடு. இங்கே பனி ஜன்னல் வரை ஏறிவிட்டது. வைனோ கூரைமேல் நின்று தள்ளுகிறார். நான் வாசலில் வழுக்கி விழுந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, மணிக்கட்டில் வீக்கம். கெரன்ஸாவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது. மாப்பிள்ளை ரே அவளைத் தரையில் நடக்கவே விடுவதில்லை.

உன் பெயர் வேட்டையை வைனோவிடம் சொன்னேன். "எங்க ஆளுங்க அமெரிக்காவுல இறங்கினதும் முதல் வேலையா பேரை மாத்தினாங்க. உங்க அண்ணன் ஒட்டவச்சிட்டுத் திரியறாரா?" என்று சிரித்தார். ஆனாலும் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். இருக்கிறது, அண்ணா. பனியைத் தட்டிவிட்டுப் பார்த்தால் மூன்று கல், மூன்றும் பொல்வென்னா. எல்லாம் போன நூற்றாண்டில் வந்தவர்கள். இப்போது பெயர் சொல்ல யாரும் இல்லை.

இங்கே சர்ச்சுக்கு வரும் ரூல் அம்மா என்று ஒரு கிழவி, தொண்ணூறு தாண்டினவள், அவளும் நம் ஊர் வம்சம். அவளிடம் கேட்டேன். "பொல்வென்னாவா? எந்தப் பொல்வென்னா? ஆடற பொல்வென்னாவா?" என்றாள். அவர்களுக்கு இந்த ஊரில் அதுதான் பட்டப்பெயராம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. குடியும் ஆட்டமும் பாவம் என்கிற சேப்பலில் வளர்ந்த நாம் எங்கே ஆடினோம்? வால்ட்ஸ் ஆடினதற்கே அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆடினது என்றால் அப்பாதான். அது குடிகார ஆட்டம். அந்தப் பேச்சு வேண்டாம்.

மாமியார் இன்னும் நம் ஊர்க் கறிப் பண்டமான பேஸ்டிக்குள் கேரட் போடுகிறாள். கறியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும்தான் என்று முப்பது வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அன்புத் தங்கை,
லவ்டே


கார்ன்வித்
16 மார்ச் 1975

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? உன் கையெழுத்தைப் பார்த்து, கோழி நடந்த மாதிரி இருக்கிறது என்று டாம்சின் சொன்னாள். கட்டுப் போட்ட கையோடு எழுதினாயா?

மூன்று கல்லுக்கும் மூன்று ஊசி குத்திவிட்டேன். டர்ஹாமிலிருந்தும் வேல்ஸிலிருந்தும் பதில் வந்தது. எர்ன் இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய அப்பா சுரங்கத்தில் விழுந்து செத்தாராம், காரணம் குடி. டர்ஹாம்காரரின் சித்தப்பா ரயில் பாலத்திலிருந்து விழுந்தாராம். அவருக்கும் குடி. வேல்ஸில் ஒரு அத்தை, பெண்பிள்ளை, அவளுமா! குடிதான் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாருமே சேப்பல் பிள்ளைகள், எல்லாருமே மொடாக்குடியர்கள். அம்மா இருந்திருந்தால் இந்தப் படத்தை அடுப்பில் போட்டிருப்பாள்.

அடுத்த வாரம் ரெட்ரூத் போகிறேன். பெரியப்பா மகன் வெஸ்லி அண்ணன் அங்கே ஒரு நோயாளிகள் விடுதியில் இருக்கிறாராம், நடமாட்டம் இல்லையாம். பெர்த்தா அண்ணி தினமும் போய்ப் பார்த்துக்கொள்கிறாள். அவர்களுக்கும் நமக்கும் ஏன் பேச்சுவார்த்தை நின்றது என்றுகூட எனக்கு நினைவில்லை. பெரியப்பா வழியில் பழைய கதை ஏதாவது கிடைக்கும். விவரமாக எழுதுகிறேன்.

உன் அண்ணன்,
ஹெட்லி


கார்ன்வித்
11 மே 1975

அன்புள்ள லவ்டேவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலமாயிருக்க வேண்டும்.

இந்த வருஷம் வசந்தம் தாமதம். அவரை இப்போதுதான் பூத்திருக்கிறது. கடையில் பெயின்ட் வியாபாரம் பரவாயில்லை. சேப்பலில் பாட்டுக்குழுவுக்குப் புது ஆள் வந்திருக்கிறார், நல்ல குரல். டாம்சினின் இருமல் போய்விட்டது.

பின்னறைச் சுவரில் ஈரம். படத்தைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கெரன்ஸாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹெட்லி


நார்த் ஷாஃப்ட்
22 ஜூன் 1975

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

முதலில் நல்ல செய்தி. கெரன்ஸாவுக்குப் பையன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம். தலை நிறைய கறுப்பு முடி. பெயர் ஜோயல் பொல்வென்னா கோஸ்கி. ஆமாம், நடுவில் நம் பெயர். உன் கடிதங்களை எல்லாம் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். "இந்த ஊர்ல அந்தப் பேரு செத்துப்போச்சுன்னு மாமா வருத்தப்படுவாரே, இவன் வச்சிக்கட்டும்" என்று அவளே சொன்னாள். ரேயும் சரி என்றுவிட்டார். படத்தில் இன்னொரு ஊசி குத்து.

டைப் அடித்திருக்கிறேன் என்று ஆச்சரியப்படாதே. வைனோ பழைய மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். கோழி நடந்த கையெழுத்து என்று இனிமேல் யாரும் கேலி செய்ய முடியாது.

நீ ரெட்ரூத் போனாயா? வெஸ்லி அண்ணன் எப்படி இருக்கிறார்? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதற்கு முன் பக்கம் பக்கமாக எழுதினவன் அவரைக்காய் பற்றி எழுதுகிறாய்.

எல்லோருக்கும் அன்பு.

லவ்டே


கார்ன்வித்
13 ஜூலை 1975

அன்புத் தங்கைக்கு,

பையன் பிறந்தது கேட்டு இரண்டு பேருக்கும் அவ்வளவு சந்தோஷம். டாம்சின் அன்றைக்கே கம்பளி நூல் வாங்கிவந்து போர்வை பின்ன உட்கார்ந்துவிட்டாள். இத்துடன் பார்சல் வருகிறது. பெயர் வைத்ததற்குக் கெரன்ஸாவுக்கு மாமாவின் நன்றி.

வெஸ்லி அண்ணனைப் பார்த்தேன். முடியாமல்தான் இருக்கிறார். வயதாகிவிட்டது. சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை. கடையில் வேலை அதிகம். அதனால்தான் பெயர் விஷயத்தை ஒதுக்கிவைத்திருக்கிறேன்.

மணிக்கட்டு வீக்கம் பிப்ரவரியிலேயே போயிருக்குமே. பேனா பிடிக்க ஏன் முடியவில்லை?

ஹெட்லி


நார்த் ஷாஃப்ட்
7 செப்டம்பர் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன். போர்வை வந்தது. ஜோயல் அதன் ஓரத்தைச் சப்பிக்கொண்டே தூங்குகிறான்.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. நான் கேட்டதற்கு நீயும் எழுதவில்லை. இரண்டு மாதம் யோசித்தேன். இப்படியே போனால் நாம் இருவரும் சாகும்வரை மழையையும் அவரைக்காயையும் பற்றியே எழுதிக்கொண்டிருப்போம்.

கையிலிருந்து சாமான் விழுகிறது, அண்ணா. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தட்டு, கத்தரிக்கோல், பாட்டுப் புத்தகம். வாசலில் விழுந்தது பனியினால் இல்லை. தோள் தானாக வெட்டுகிறது. பால் வாங்கப் போன இடத்தில் தள்ளாடி அலமாரியைப் பிடித்தேன். கல்லாவில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "காலையிலயே ஆரம்பிச்சாச்சு" என்றாள். எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், கிறிஸ்மஸ் கேக்குக்கு வைத்திருந்த பிராந்தி பாட்டிலைக் காணோம். வைனோ ஒளித்துவைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தவர்.

போன ஞாயிறு ரூல் அம்மா வீட்டுக்குப் போனேன். "ஆடற பொல்வென்னான்னு சொன்னீங்களே, அது என்ன ஆட்டம்?" என்று கேட்டேன். வாயால் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றாள். தோளை ஒரு வெட்டு. விரல்களைப் பியானோ வாசிக்கிற மாதிரி. ஒரு காலைத் தூக்கி எங்கோ வைத்தாள். அவ்வளவுதான். தொண்ணூறு வயதுக் கிழவி இந்த ஊரில் நடித்துக் காட்டுகிறாள், என் கண்முன்னே அப்பா சேப்பல் தெருவில் நடந்து வருகிறார். பின்னால் பிள்ளைகள் 'பீப்பா உருளுது, பீப்பா உருளுது' என்று கத்திக்கொண்டு வருகிறார்கள்.

உட்கார்ந்ததும் என் கையைத்தான் பார்த்தாள். "நீ வீட்டுக்குப் போ கண்ணு, இருட்டப் போகுது" என்றாள். அப்போது மத்தியானம்.

அண்ணா, அப்பா குடித்தாரா? அதை மட்டும் எழுது.

லவ்டே


கார்ன்வித்
21 செப்டம்பர் 1975

என் தங்கைக்கு,

இல்லை. அப்பா குடித்ததில்லை.

மார்ச் மாதமே எனக்குத் தெரியும். எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து கிழித்துப்போட்டேன். குழந்தை பிறக்கட்டும் என்று இருந்தேன். பிறந்தது, பெயரோடு பிறந்தது. அதற்குப் பிறகு எப்படி எழுதுவது?

ரெட்ரூத்தில் வெஸ்லி அண்ணனைக் கட்டிலில் கட்டி வைத்திருந்தார்கள். விழாமலிருக்க. அவர் முகம், கை, கால் எதுவும் ஒரு நொடி சும்மா இல்லை. நான் யாரென்று தெரிந்தது. என் பெயரைச் சொல்ல அவர் பட்ட பாட்டை நான் எழுதமாட்டேன். டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். ஹன்டிங்டன் நோய் என்று பெயர். ரத்தத்தோடு வருவது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா. வராதவரோடு அந்தக் கிளையில் நின்றுவிடும். வருமா என்று முன்கூட்டிப் பார்க்க வழி இல்லை, நடுவயது ஆகும்வரை காத்திருக்க வேண்டும். மருந்து இல்லை. எனக்கு ஐம்பத்து நான்கு. என்னைப் பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கு இருக்கிற மாதிரி தெரியல" என்றார். அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேனா என்று கேட்காதே.

ஆஸ்திரேலியா, டர்ஹாம், வேல்ஸ், உன் ஊரின் மூன்று கல். குடி, குடி, குடி என்று நான் சிரித்துச் சிரித்துக் குத்தின ஊசி எல்லாம் அதுதான். பெயர் ஆண் வழியில் போகிறது. இது யார் வழியிலும் போகும். கல்யாணமாகிப் பெயர் மாறிப்போன பெண்களை நான் தேடவேயில்லை.

அம்மாவுக்குத் தெரியுமா என்று நீ அடுத்து கேட்பாய். தெரியும். பெர்த்தா அண்ணி சொன்னாள். அப்பா சுரங்க வேலையை விட்ட வருஷமே டாக்டர் சொல்லிவிட்டாராம். அம்மாவும் அப்பாவும் பெரியப்பா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். பெரியம்மா சொல்லி பெர்த்தா அண்ணிக்குத் தெரியும். அப்பாதான் சொன்னாராம்: "குடின்னு சொல்லிரலாம். குடிகாரன் பொண்ணை எவனாவது கட்டிப்பான். இதைச் சொன்னா என் பொண்ணு நிழல்லகூட ஒருத்தனும் நிக்கமாட்டான்." பெரியம்மாவால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்று அம்மா அந்த வீட்டு உறவையே வெட்டிவிட்டாள்.

சேப்பலில் மதுவை விடுவதாக உறுதிமொழி அட்டை கொடுத்தார்களே, உனக்கு ஒன்பது வயது. அதை நீ அப்பா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். "இதுல கையெழுத்துப் போடுங்கப்பா, ப்ளீஸ்ப்பா" என்றாய். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். அவர் அட்டையை முழுசாகப் படித்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் போட்டார். கை போகிற போக்கில் பேனா அட்டையைக் கிழித்தது. "இனிமே தொடமாட்டேன் கண்ணு" என்றார். மறுநாள் தெருவில் விழுந்தார். அப்பா பொய் சொல்லிவிட்டார் என்று நீ அழுதாய். பிறகு அவரை மருத்துவமனையில் சேர்த்தபோதும், போய்ப் பார்க்க மாட்டேன் என்று இருவருமே சொன்னோம்.

அவர் நம்மைப் பிடித்து உட்காரவைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டாம்சின் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கையிலிருந்த பின்னலை மடித்து வைத்தாள். பிறகு, "நமக்குப் பிள்ளை இல்லைன்னு எத்தனை வருஷம் அழுதேன். யாருக்காக அழறதுன்னு இப்ப தெரியல" என்றாள்.

கெரன்ஸாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் கையில் இருக்கிறது. நான் எதுவும் சொல்லமாட்டேன். நீ எது செய்தாலும் அது தப்பென்று நினைக்கமாட்டேன்.

உன்,
ஹெட்லி


நார்த் ஷாஃப்ட்
16 நவம்பர் 1975

மச்சானுக்கு,

வைனோ எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்கா உடம்பு நலமா.

உங்கள் கடிதத்தை லவ்டே சமையலறை மேஜையில் படித்தாள். படித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் படித்து முடித்ததும் வெளியே கொட்டகைக்குப் போய் அந்த பிராந்தி பாட்டிலை எடுத்து வந்து பழைய இடத்தில் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பார்த்தாள்.

டிட்ராய்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நீங்கள் எழுதின பெயரையே அவர்களும் சொன்னார்கள்.

உங்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. கெரன்ஸா வரும்போதெல்லாம் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள். குழந்தையைக் கொடுத்தால், சளி பிடித்திருக்கிறது என்று வாங்க மறுக்கிறாள். "அம்மாவுக்கு என் பிள்ளையைப் பிடிக்கலையாப்பா?" என்று கெரன்ஸா என்னிடம் கேட்டாள். நான் விறகு வெட்டப் போய்விட்டேன்.

அவள் எழுதுவாள். கொஞ்சம் பொறுங்கள்.

வைனோ நீமி


நார்த் ஷாஃப்ட்
29 பிப்ரவரி 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணியும் நீயும் சுகமாயிருக்க வேண்டும். ஒற்றை விரலால் தட்டுவதால் இது பல நாள் கடிதம். எழுத்து தப்பினால் நீயே சரியாகப் படித்துக்கொள்.

அப்பாவை நினைக்காத நாள் இல்லை. அந்த அட்டையை நினைக்கிறேன். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் முடியாது.

அம்மாவை முதலில் திட்டினேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவள் சொல்லியிருந்தால் நான் வைனோவைக் கட்டியிருக்க மாட்டேன், கெரன்ஸா இல்லை, இந்தப் பையன் இல்லை. அவள் சொன்ன பொய் போட்ட சோற்றைத்தான் நான் முப்பது வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அதே மாதிரி நானும் வாயை மூடிக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தேன். 'உங்கம்மா குடிக்கிறா' என்று வைனோவைச் சொல்லச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்தேன், அண்ணா.

ஜனவரியில் கெரன்ஸா ஒரு நாள் வந்து, "அம்மா, அடுத்தது பொண்ணா இருந்தா உன் பேரு வைக்கலாம்னு ரே சொல்றாரு" என்றாள். இன்னும் உண்டாகவில்லை, ஆசையைச் சொன்னாள். அப்போது சொன்னேன். எல்லாவற்றையும். உன் கடிதத்தையும் கொடுத்தேன்.

அவள் கத்தவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். அவன் காகிதத்தைப் பிடித்து இழுத்தான், அவள் விரலை விடுவித்து விடுவித்துப் படித்தாள். முடித்ததும், "எனக்கு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டாள்.

"உனக்கு நாப்பது அம்பது ஆகும்போது."

"இவனுக்கு?"

நான் அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

"பாட்டி சொல்லாம விட்டதால நான் இருக்கேன்" என்றாள். "நீ சொல்லிட்ட. இவனுக்கு இனிமே தங்கச்சி கிடையாது." கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். சொன்னது சத்தியம்தான். அதில் திட்டுவதற்கு ஒன்றுமில்லை.

பிறகு வரவில்லை. டெலிபோனும் செய்யவில்லை. ரே ஒருநாள் வைனோவைப் பார்த்து, "அவ தூங்கறதே இல்ல, பையனோட கையையே பார்த்துட்டு உக்காந்திருக்கா" என்று சொன்னாராம். குழந்தைகளின் கை எப்போதும் ஆடிக்கொண்டுதானே இருக்கும்.

எர்னுக்கும் மற்றவர்களுக்கும் நீ எழுதிவிட்டாயா? எழுத வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எழுதும்போது, வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும்போது படியுங்கள் என்று உறையின்மேல் எழுது.

முந்தாநாள் கெரன்ஸா வந்தாள். இளைத்திருக்கிறாள். வாசலில் நின்று என் கையைப் பார்த்தாள், நான் ஒளிக்கவில்லை. வைனோ நாற்காலியை இழுத்துப் போட்டார். "வேண்டாம்ப்பா, கீழே உக்காரட்டும்" என்றாள். நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். காலை நீட்டச் சொன்னாள். இரண்டு பக்கமும் தலையணையை முட்டுக் கொடுத்தாள். பிறகு ஜோயலை என் மடியில் வைத்தாள்.

என் கை ஆடியது. அவனுக்கு அது பெரிய விளையாட்டு. கக்கக் என்று சிரித்தான். கை நின்றபோது அண்ணாந்து பார்த்து, இன்னொரு தடவை என்பதுபோல என் விரலைப் பிடித்து ஆட்டினான். கெரன்ஸா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை.

மே மாதம் வர முடியுமானால் வா, அண்ணா. அண்ணியையும் கூட்டிவா. நான் பேசினால் புரிகிற காலத்திலேயே வா.

உன் தங்கை,
லவ்டே